இரண்டாவது தாள்

நீங்கள் எனக்குப் 'பொறவு டாக்டர்' என்று பட்டப்பெயர் வைத்திருப்பது எனக்குத் தெரியும். காது இன்னும் நன்றாகத்தான் கேட்கிறது. நோயாளி எல்லாவற்றையும் சொல்லி முடித்த பிறகும் "பொறவு?" என்று கேட்டுவிட்டு நான் சும்மா உட்கார்ந்திருப்பேன். வாசல் வரைக்கும் வரிசை நிற்கும்போது இந்தக் கிழவருக்குக் கதை கேட்கும் ஆசை என்ன வேண்டிக்கிடக்கிறது என்று நீங்கள் பல்லைக் கடித்ததையும் பார்த்திருக்கிறேன். நேற்றோடு எனக்கு ஓய்வு கொடுத்தாகிவிட்டது. இனி அந்த வரிசை உங்கள் பாடு.

உங்களில் இரண்டு பேர் மேல்படிப்புக்குச் சீமைக்குக் கப்பல் ஏறப்போவதாகக் கேள்விப்பட்டேன். கம்பளிச் சட்டை, கப்பலில் வரும் தலைசுற்றல், அங்கே எந்தப் பேராசிரியர் கறார், எவர் சாது, இதையெல்லாம் சொல்ல வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நான் சொல்ல நினைப்பது ஒரு கடிதத்தைப் பற்றி. இதுவரை யாரிடமும் இதைச் சொன்னதில்லை.

என் அப்பா ஸ்ரீவில்லிபுத்தூரில் கோயில் நந்தவனத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவை எனக்கு நினைவில்லை. என்னைவிடப் பதினாறு வயது மூத்த அக்காதான் வளர்த்தாள். கல்யாணமாகி, ஒரே வருஷத்தில் தாலியறுத்து, பிறந்த வீட்டுக்கே வந்துவிட்டவள். பூக்கட்டுவாள், சமைப்பாள், என்னை அடிப்பாள், அடித்துவிட்டு அவளே அழுவாள். எழுத்து மட்டும் தெரியாது. நான் மதராசில் மருத்துவப் பட்டம் வாங்கியபோது அந்தக் காகிதத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு தெரு முழுக்கக் காட்டினாள்.

அதோடு நின்றிருக்கலாம். எனக்குக் கண் வைத்தியத்தில் பித்து. அதற்கு எடின்பரோ போக வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன். இராஜபாளையத்து மிராசுதார் ஒருவர் செலவை ஏற்றுக்கொண்டார். நல்ல மனுஷர். வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும் கலந்து. "போயிட்டு வாங்க. ஆனா திரும்பி வந்து எங்க ஊர்லதான் உக்காரணும். மதராஸ்ல பங்களா கட்டுனீங்கன்னா நானே வந்து இடிப்பேன்" என்றார். இந்த நூற்றாண்டு பிறந்த சமயம் அது. அக்காதான், "படிச்சிட்டு வரட்டும்பா. வில்லிபுத்தூர்ல கண்ணு தெரியாம எம்புட்டுப் பேரு கெடக்காக" என்றாள்.

அந்தப் பேச்சு எத்தனையோ தடவை எனக்கு நினைவு வந்திருக்கிறது.

எடின்பரோ எப்படியிருந்தது என்று கேட்பீர்கள். குளிர் பழகிவிடும். அவித்த உருளைக்கிழங்கில் மிளகுத்தூளைக் கொட்டிச் சாப்பிடவும் பழகிவிடும். எனக்குப் பழகாதது ஒன்றுதான். இரண்டு வருஷம் ஒருவர் வாயிலிருந்தும் 'ஏலே' என்ற சொல்லைக் கேட்கவில்லை. நான் தங்கியிருந்த வீட்டுக்கார அம்மாளுக்கு என் பெயர் வாயில் நுழையவில்லை. 'டாக்டர்' என்பதோடு நிறுத்திக்கொண்டாள். மாணவர்கள் ஞாயிற்றுக்கிழமை யாராவது வீட்டுக்கு விருந்துக்குப் போவார்கள். என்னையும் ஒரு தடவை கூப்பிட்டார்கள். ஊரில் புலி உண்டா என்று கேட்டார்கள். மலையில் உண்டு என்றேன். அதற்கு மேல் என்னிடம் கேட்க அவர்களுக்கு ஒன்றும் இல்லை. சாயங்காலங்களில் ஊருக்குள் ஓடும் ஆற்றுப் பாலத்தில் நடந்துகொண்டே, தமிழ் மறந்துவிடக்கூடாது என்று அக்கா என்னைத் திட்டும் திட்டுகளை எனக்கு நானே சத்தமாகச் சொல்லிக்கொள்வேன். எதிரே வருகிறவர்கள் ஒதுங்கிப் போவார்கள். பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள், அதில் பெரிய தப்பும் இல்லை.

அங்கே எனக்கு வாய்த்த பெரிய டாக்டர் ஒரு விசித்திரமான ஆள். அவர் பெயர் வேண்டாம். அதிகம் பேசமாட்டார், சிரிக்கவே மாட்டார். நோயாளி பேசி முடித்ததும் மேசை மேல் இருக்கும் பென்சிலை எடுத்துப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பார். எங்களுக்கு அது பெரிய வேடிக்கை. அவருக்கு மறதி வந்துவிட்டது என்று பேசிக்கொள்வோம்.

ஒருநாள் வெளிநோயாளிகள் பகுதியில் மீன் விற்கிற அம்மாள் ஒருத்தி வந்தாள். ஐம்பது வயதிருக்கும். வலது கண் சிவந்திருந்தது. "வலிக்குது, தண்ணி வடியுது, வெளிச்சம் கூசுது" என்று மூன்று சொன்னாள். எனக்கு அது போதுமானதாக இருந்தது. பாடப் புத்தகத்தின் பக்கமே கண்முன் வந்துவிட்டது. கண்ணுக்குள் அழற்சி, அதற்குக் கண்மணியை விரிய வைக்கும் சொட்டு. அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் "தலையைப் பின்னால் சாய்" என்று சொல்லி, சொட்டுக்குழாயை அவள் கண்ணுக்கு மேலே கொண்டுபோய்விட்டேன்.

யாரோ என் மணிக்கட்டைப் பிடித்தார்கள். பெரியவர்தான். அவளை நிமிர்ந்து உட்காரச் சொன்னார். பென்சிலை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார். அரை நிமிஷம் போனது. அவள் சங்கடத்தில் சால்வை நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக, "சிரிக்கமாட்டீர்களே? சாயங்காலம் தெருவிளக்கு ஏற்றினால், அதைச் சுற்றி வானவில் மாதிரி வளையம் தெரிகிறது. என் புருஷன் நான் குடித்திருக்கிறேன் என்கிறான்" என்றாள்.

உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கிளாக்கோமா. கண்ணுக்குள் அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொல்லும் நோய். காலத்தில் கீறிவிட்டால் கண் தப்பிக்கும். நான் விடப்போன சொட்டை விட்டிருந்தால் அன்றைக்கே அந்தக் கண்ணை முடித்திருப்பேன். அவளை அனுப்பிவிட்டுப் பெரியவர் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். "அவர்கள் முதலில் சொல்வது, நாம் எதைக் கேட்க விரும்புவோம் என்று அவர்கள் நினைப்பது. கடைசியில் சொல்வதுதான் அவர்களுடைய நோய்."

நான் அதை நோட்டுப் புத்தகத்தில் எழுதி, அடிக்கோடும் இட்டேன். இரண்டு மாதம் கழித்து அந்தக் கடிதம் வந்தது.

எங்கள் வீட்டுக் கடிதங்களை எழுதுகிறவர் ராவுத்தர் மாமா. ஸ்ரீவில்லிபுத்தூர்க் கடைவீதியில் எண்ணெய்க் கடை வைத்திருந்தவர். அக்கா கடைவாசலில் நின்று சொல்லச் சொல்ல எழுதுவார். அவர் அனுப்பும் கடிதத்தின் மூலைகளில் அக்கா மஞ்சள் தடவிவிடுவாள். ஆயிரக்கணக்கான மைல் தாண்டி வந்தும் அந்த மஞ்சள் வாசனை போயிருக்காது. இந்த முறை உறையில் மஞ்சள் இல்லை. மூலையில் மசி தடவியிருந்தது. உறை வழக்கத்தைவிடக் கனமாக இருந்தது.

கறுப்பு மூலைக் கடிதம் வந்தால் நம் பக்கத்தில் என்ன செய்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும். வாசலுக்கு வெளியே நின்றே படிக்க வேண்டும். வீட்டுக்குள் கொண்டுபோகக்கூடாது. சேதி தெரிந்ததும் கிழித்துப் போட்டுவிட்டுத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்ள வேண்டும். எனக்கு எட்டு வயதில் சேத்தூரிலிருந்து சித்தப்பா செத்த கடிதம் வந்தது. படிக்கத் தெரிந்த பெருமையில் நான் அதை எழுத்துக்கூட்டிக்கொண்டே வீட்டுக்குள் ஓடினேன். அக்கா பிடித்து இழுத்து, கடிதத்தைப் பிடுங்கி நாலாகக் கிழித்து, முதுகில் ஒன்று வைத்தாள். "எழவுக் கடுதாசியை உள்ள கொண்டாரலாமாலே? சேதி தெரிஞ்சா போதும், கிழிச்சுப் போட்டுரணும்" என்றாள்.

வீட்டுக்கார அம்மாளின் வாசலில், பனியில், நின்றுகொண்டே பிரித்தேன். உள்ளே இரண்டு தாள்கள். முதல் தாளின் இரண்டாவது வரியிலேயே அப்பா மார்கழியில் இறந்துவிட்டார் என்று இருந்தது. நந்தவனத்தில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தவர் கிணற்று மேட்டிலேயே சாய்ந்துவிட்டாராம். அந்தத் தாளின் அடிவரைக்கும் படித்தேன். இரண்டாவது தாளைப் பிரிக்கவில்லை.

வழக்கம் அப்படி என்று இத்தனை வருஷம் எனக்கு நானே சமாதானம் சொல்லியிருக்கிறேன். அது முழு உண்மை இல்லை. இன்றைக்கு உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? ஒரே மகன் நான். எனக்குப் பதிலாக அப்பாவுக்குக் கொள்ளி வைத்தது யார் என்பது அந்த இரண்டாவது தாளில் இருக்கும் என்று நினைத்தேன். எந்தப் பங்காளி மொட்டை போட்டான், எவன் குடம் உடைத்தான் என்று படிக்க எனக்குத் தெம்பில்லை. பாலத்துக்கு நடந்தேன். இரண்டு தாளையும் சேர்த்துக் கிழித்தேன். ஆறு பாதி உறைந்து கிடந்தது. சில துண்டுகள் தண்ணீரில் போயின, சில பனிக்கட்டி மேல் கிடந்தன. திரும்பி வந்து கொல்லைப்புறக் குழாயில் வாளியை நிரப்பித் தலையில் ஊற்றிக்கொண்டேன். வீட்டுக்கார அம்மாள் அலறிக்கொண்டு ஓடி வந்தாள். என்னை அடுப்பின் முன்னால் உட்கார வைத்து, ஒன்றும் கேட்காமல் தேநீர் கொடுத்தாள். அப்பா செத்துவிட்டார் என்று இங்கிலீஷில் அவளிடம் சொன்னேன். தமிழில் சொல்லி அழ அங்கே யாரும் இல்லை.

மறுநாள் ஊருக்குப் பதில் எழுதினேன். சேதி கிடைத்தது, அக்காவைப் பார்த்துக்கொள்ளுங்கள், நான் படிப்பை முடித்துக்கொண்டு வருகிறேன் என்று எழுதினேன். பிறகு வந்த கடிதங்களில் மழை, நந்தவனம், தேரோட்டம் என்று வழக்கமான விஷயங்கள்தான் இருந்தன. அந்த வருஷம் பரீட்சையில் தேறினேன். அப்போதே திரும்பியிருக்கலாம். இன்னொரு பட்டமும் வாங்கினால் பெயருக்குப் பின்னால் எழுத்துகள் கூடுமே என்று லண்டனில் மேற்கொண்டு ஒரு வருஷம் இருந்தேன்.

திரும்பியபோது சாத்தூரில் ரயிலை விட்டு இறங்கி, மாட்டுவண்டி பிடித்து, கோபுரம் தெரிந்ததும் வண்டிக்காரனிடம் தேவையில்லாமல் பேச ஆரம்பித்தேன். அவன் என்னை 'ஏலே' என்று கூப்பிடமாட்டானா என்று இருந்தது. நான் போட்டிருந்த கோட்டுக்கு அவன் 'எசமான்' என்றான்.

அக்கா வாசலில் நின்றாள். நான் நேர் எதிரே வந்து நின்றும் அவள் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அக்கா" என்றேன். முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பி, இடது கண்ணால் என்னைத் தேடினாள். பிறகு கையை நீட்டித் தடவி, "மெலிஞ்சு போயிட்டியேலே!" என்று சிரித்தாள். உள்ளே போகும்போது சுவரைத் தொட்டுக்கொண்டு போனாள். செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றினாள், பாதி தம்ளருக்கு வெளியே போனது.

கண் வைத்தியத்தில் இரண்டு பட்டம் வாங்கி வந்த எனக்கு இதற்கு மேல் பரிசோதனை தேவைப்படவில்லை. இருந்தாலும் ஜன்னல் பக்கம் உட்கார வைத்து விரலால் கண்ணை அழுத்திப் பார்த்தேன். வலது கண் கூழாங்கல் மாதிரி இருந்தது. வெளிச்சம்கூடத் தெரியவில்லை. இடது கண்ணில் நடுவில் கொஞ்சம் பார்வை மிச்சம்.

"எப்பயிருந்துக்கா?" என்றேன்.

"அதான் அப்பா செத்த கடுதாசியிலயே எழுதச் சொன்னேனே" என்றாள்.

நான் அவள் கண்ணிலிருந்து விரலை எடுத்தேன். அவள் சற்று நேரம் என் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு, "சரி, கைகாலைக் கழுவிட்டு வா. சோறு ஆறுது" என்று எழுந்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் ராவுத்தர் மாமா கடைக்குப் போனேன். அந்தக் கடிதத்தில் என்ன எழுதினீர்கள் என்று நேராகக் கேட்கவில்லை. "அக்கா கண்ணு இப்படி ஆயிருச்சே மாமா" என்று மட்டும் சொன்னேன். அவரே ஆரம்பித்தார்.

"ரெண்டாவது தாளு முழுக்க அந்த விசயம்தானே தம்பி எழுதுனேன்? பொழுது சாஞ்சா ஒரு பக்கம் தலை வலிக்குதாம். வெளக்கைச் சுத்தி வானவில்லு கணக்கா வளையம் தெரியுதாம். மதுரையில தொரை டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போனேன். கண்ணைக் கீறணும், இப்பவே செய்யணும்னாரு. ஒங்கக்கா கேக்கல. தம்பி ஒரு வரி எழுதட்டும், அவன் செய்யின்னா செஞ்சுக்கிடுதேன்னுட்டா. பதிலு வந்துச்சு, அதுல கண்ணைப் பத்தி ஒண்ணுமில்ல. மறுபடி எழுதுதேன்னேன். வேண்டாம்னுட்டா. 'அவன் அப்பன் செத்த துக்கத்துல இருக்கான், பரீட்சை வேற. பெரிய டாக்டரு எழுதலன்னா ஒண்ணுமில்லன்னுதான அர்த்தம்'னா. நானும் சரின்னு விட்டுட்டேன்."

ஒரு வரி. ஒரு தந்தி அடித்திருந்தால் ஒரே சொல். வானவில் வளையம் என்று படித்த அந்த நிமிஷமே தந்தி ஆபீசுக்கு ஓடியிருப்பேன். உலகத்தில் எத்தனையோ டாக்டர்கள் இருந்தார்கள், ஆனால் அந்தக் கடிதம் என் ஒருவனுக்குத்தான் வந்தது. நான் அதைக் கிழித்து ஆற்றில் போட்டேன். மாமாவிடம் தலையாட்டிவிட்டு, கோயில் மதிலை ஒட்டி இருட்டும்வரை நடந்தேன். யாரிடமாவது சொல்லிவிட்டால் பாரம் குறையும். ஆனால் எனக்கு இருந்த ஒரே ஆள் அக்கா.

மிச்சமிருந்த இடது கண்ணைக் காப்பாற்ற வேண்டும், அதுவும் உடனே. என் கையால் செய்யமாட்டேன் என்று முடிவு செய்தேன். குற்ற உணர்ச்சி உள்ளவன் கத்தி பிடிக்கக்கூடாது, பரிகாரம் செய்கிற அவசரத்தில் ஆழமாகப் போய்விடுவான். இது என் நியாயம், இன்றைக்கும் இதைத் தப்பென்று சொல்லமாட்டேன். மதுரைக்குப் போகலாம் என்றேன். அக்கா ஒப்புக்கொள்ளவில்லை.

"நீ எதுக்குலே அம்புட்டுத் தூரம் போய்ப் படிச்சே? தொரை கையில கண்ணைக் குடுக்கிறதுக்கா? நீ செய்யலன்னா எனக்கு வேண்டாம்."

வேறு வழியில்லை. இராஜபாளையத்தில் மிராசுதார் எனக்காகக் கட்டிவைத்திருந்த புது ஆஸ்பத்திரியில், சுண்ணாம்பு வாசனைகூடப் போகாத அறையில், முதல் அறுவை அக்காவுக்கு. கண்ணை மரக்க வைக்கும் சொட்டு விட்டாகிவிட்டது. கத்தியை எடுத்தேன். தட்டில் இருந்த மற்றக் கருவிகள் கிணுகிணுத்தன. என் கை தட்டில் இடித்துக்கொண்டிருந்தது.

"ஏலே, கை நடுங்குதா?"

"இல்லக்கா."

"பொய் சொல்லாத. சத்தம் கேக்குது. கத்தியைக் கீழ வச்சிட்டு செத்த நேரம் உக்காரு. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

கத்தியை வைத்துவிட்டு அவள் தலைமாட்டில் முக்காலி போட்டு உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அவள் பாட்டுக்குக் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். கை தன்னால் நின்றது. எழுந்து கைகழுவிச் செய்து முடித்தேன். நடுங்கும் கையோடு தைரியமாகச் செய்கிறவன் கெட்டிக்காரன் என்று உங்களுக்கு யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நோயாளியைப் படுக்க வைத்துவிட்டுச் சற்று உட்கார ஒரு டாக்டருக்கு உரிமை உண்டு. அதை எனக்குக் கொடுத்தது மேசை மேல் படுத்திருந்த நோயாளி.

அந்தக் கண் பிழைத்தது. பிழைத்தது என்றால், இருந்தது போகாமல் நின்றது. ஒரு சின்ன ஜன்னல் வழியாகப் பார்ப்பது போல அவளுக்கு உலகம் தெரிந்தது. கூப்பிடு தூரத்தில் வருகிறவர் யார் என்று சொல்வாள், காலடியில் இருக்கும் படி தெரியாது.

அக்காவை இராஜபாளையத்துக்கே கூட்டி வந்துவிட்டேன். கல்யாணம் கட்டிக்கொள்ளவில்லை. வெளிநோயாளிகள் அறையின் வாசலில் அவளுக்கு ஒரு நாற்காலி. மடியில் பூ. பூக்கட்டக் கண் எதற்கு என்பாள். துளசியையும் மருக்கொழுந்தையும் வாசனையில் பிரித்துவிடுவாள். அந்த நாட்களில்தான் 'பொறவு?' என்று கேட்கத் தொடங்கினேன். பெரியவருக்குப் பென்சில், எனக்கு அந்தச் சொல். நோயாளி நிறுத்தினால் கேட்பேன். மறுபடி நிறுத்தினால் மறுபடி கேட்பேன். இரண்டாவது தாளைக் கிழிக்காமலிருக்க எனக்குத் தெரிந்த வழி அதுதான்.

ஒரு தடவை கான்சாபுரத்திலிருந்து நிலம் உழுகிற ஒரு சம்சாரி வந்தான். கண்ணில் நெல் உமி விழுந்திருந்தது. எடுத்துவிட்டேன். "பொறவு?" என்றேன். "அம்புட்டுத்தான் சாமி." சும்மா இருந்தேன். "பக்கத்து வீட்ல பச்சிலைச் சாறு விட்டாக, எரிஞ்சுச்சு." சரி, பொறவு? அவனுக்குக் கோபமே வந்துவிட்டது. எழுந்து வாசல் வரை போனவன் நின்று திரும்பினான். "சாமி, இது ஒண்ணுமில்ல. பொழுது சாஞ்சா எங்க வீட்டுச் சின்னப் பிள்ளைக ரெண்டும் தட்டுத் தடுமாறுதுக. வெளையாட்டுக்குச் செய்யிதுகளான்னு தெரியல."

அன்றைக்கே வண்டி கட்டிக்கொண்டு அவனோடு போனேன். கூழைத் தவிர வேறொன்றும் கண்டிராத குழந்தைகள். கருவிழி காய ஆரம்பித்திருந்தது. இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் இரண்டும் குருடு. மீன் எண்ணெயும் ஈரலும் கொடுத்துத் தேற்றினோம். நான் திரும்பி வந்து இதை அக்காவிடம் சொன்னபோது, அவள் வாழைநாரை முடிந்துகொண்டே, "வாசப்படி தாண்டுற வரைக்கும் காத்திருந்தியாக்கும்" என்றாள்.

இப்படியே இருபது வருஷத்துக்கு மேல் போனது. ஒரே வீடு, ஒரே அடுப்பு. கண்ணைப் பற்றி அவள் கேட்கவில்லை, கடிதத்தைப் பற்றி நான் சொல்லவில்லை. சாப்பாட்டுக்கு எதிரெதிரே உட்காரும்போது சில நாள் சொல்லிவிடலாம் என்று வாய்வரைக்கும் வரும். பெரிய டாக்டர் எழுதவில்லை என்றால் ஒன்றுமில்லை என்றுதான் அர்த்தம் என்று அவள் நம்பினாளே, அந்த நம்பிக்கையை உடைக்கப் பயந்தேன். சீமையில் தனியாக இருந்தது மூன்று வருஷத்தில் முடிந்துவிட்டது. இது முடியவில்லை.

ராவுத்தர் மாமா இறந்துபோனார். அவர் மகன் எழுதிய கடிதம் ஒரு மத்தியானம் தபாலில் வந்தது. வெளிநோயாளிகள் போய்விட்டிருந்தார்கள். அக்கா நாற்காலியில் பூக்கட்டிக்கொண்டிருந்தாள். நான் வாசலுக்கு வெளியே நின்று படித்தேன். அந்த வழக்கத்தை மட்டும் விடவில்லை. ஒரே தாள்தான். முன்பக்கம், பின்பக்கம், ஓரத்தில் குறுக்காக எழுதியிருந்தது எல்லாவற்றையும் படித்தேன். கிழிக்காமல் மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன்.

"எழவுக் கடுதாசியா?" என்றாள் அக்கா.

"ஆமாக்கா. ராவுத்தர் மாமா."

அவள் கை நின்றது. ஒரு பெருமூச்சு விட்டாள். பிறகு, தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்.

"முழுசாப் படிச்சியா?"

வாசற்படியிலேயே உட்கார்ந்தேன். "அக்கா, ஒனக்குத் தெரியுமா?"

"ஒன் பதிலு வந்த அன்னைக்கே தெரியும்லே. கண்ணுன்னு ஒரு சொல்லு இல்ல. நீயா அப்பிடி இருப்பே? கிழிச்சுப் போட்டிருக்கேன்னு புரிஞ்சு போச்சு. முதுகுல போட்டு அதைச் சொல்லிக் குடுத்தவ நான்தான?"

"மாமா மறுபடி எழுதுதேன்னாராமே?"

"எழுதியிருந்தா என்ன செய்வே? பாதியில விட்டுட்டு ஓடி வந்திருப்பே. ஒரு வருசந்தான, நீயே வந்து பாத்துக்கிடுவேன்னு இருந்துட்டேன். நீ இன்னொரு வருசம் ஆக்கிட்டே, அது எனக்குத் தெரியாமப் போச்சு." பூவை மடியில் வைத்தாள். "ரெண்டு சேதியை ஒரே உறையில போடச் சொன்னவளும் நான்தான். ராவுத்தரு தனியா எழுதுவோம்னாரு. நான்தான் கேக்கல. இதை ஒங்கிட்ட எப்பிடிக் கேக்க? கேட்டா நீ ஒடைஞ்சு போவே. அதான் கேக்கல."

அவளுடைய கண் போனதற்கு நான்தான் காரணம் என்று இத்தனை வருஷம் நான் ஒரு பக்கம் உட்கார்ந்திருந்தேன். அவள்தான் காரணம் என்று அதே வீட்டில் அவள் ஒரு பக்கம் உட்கார்ந்திருந்தாள். எனக்கு அழுகை வந்தது. பாலத்தில் நின்று அழ வேண்டியதை அங்கே, அவள் காலடியில், தமிழில் அழுதேன். அவள் தடவிப் பார்த்து என் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

அழுகை அடங்கிய பிறகும் அவள் ஏதோ சொல்ல நினைத்து நிறுத்தியது போலிருந்தது. பழக்கம் விடுமா?

"பொறவு?" என்றேன்.

அக்கா சிரித்தாள். "பொறவென்ன. அப்பாவுக்குப் பத்தாம் நாளு வெளக்கு ஏத்துனேன். அதைச் சுத்தி அந்த வளையம் வந்துச்சு பாரு, பச்சையும் செவப்புமா, அம்புட்டு அழகுலே. அப்பாவே வந்து நிக்காகன்னு நெனச்சேன். ஒனக்குக் காட்ட முடியலையேன்னு இருந்துச்சு. அதையும் எழுதச் சொன்னேன்."

அக்கா போய் மூன்று வருஷம் ஆகிறது. நான் கிழித்துப் போட்ட கடிதத்தின் கடைசி வரி, அவள் எனக்குக் காட்ட நினைத்த அந்த வளையம்தான். எனக்கு வந்து சேர அவ்வளவு காலம் ஆயிற்று.